பழைய மண்டபமும் பசுமைச் சான்றிதழும்

(ஆலய அறங்காவலர், ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்)



சென்ற மகோற்சவம் நிறைவுற்ற பின் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது அடியார்களுக்கு நினைவிருக்கும். கனடாவில் வாழும் நமது ஊர் அன்பர் ஒருவர், தமது பெற்றோரின் ஞாபகார்த்தமாக நமது வசந்த மண்டபத்தை முற்றாக இடித்து, கொங்கிறீற் கூரை போட்டு, மாபிள் பதித்துப் புதிதாகக் கட்டித்தர விரும்புவதாக எழுதியிருந்தார். வரைபடமும் கூடவே வந்திருந்தது. சபையோர் கைதட்டினர். கைதட்டியவர்களில் அடியேனும் ஒருவன். அதை மறைக்க வேண்டியதில்லை.

கூட்டம் முடிந்து வெளிவீதியில் நின்றபோது, மொறட்டுவையில் படித்துவிட்டுக் கொழும்பில் கட்டட வேலையில் இருக்கும் என் மருமகன் முறையான பிள்ளை கிட்ட வந்தான்.

"மாமா, கொழும்பில பெரிய கட்டடக்காரர் காசு செலவழிச்சுத் தேடுற குளிர்ச்சி இந்த மண்டபத்தில சும்மா கிடக்குது. இதை இடிச்சுப்போட்டுப் பிறகு விசிறி பூட்டப் போறீங்களோ? பசுமைச் சான்றிதழ் எண்டு ஒண்டு இருக்கு. அதுக்குப் போடுற மார்க்கை இந்த மண்டபத்துக்கும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ."

முப்பத்தாறு வருடம் கந்தோரில் கோப்புக் கட்டியவனுக்கு "மார்க் போட்டுப் பாருங்கோ" என்று சொன்னால் போதும். அன்றிலிருந்து நான் தேடி வாசித்ததையும், அந்தப் பிள்ளை விளக்கியதையும், அதற்குப் பிறகு என் மனம் மாறிய விதத்தையும் இம்மலரில் எழுதுகின்றேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் இம்மண்டபத்தின் விதி தீர்மானிக்கப்படவுள்ளபடியால், கையுயர்த்துமுன் அடியார்கள் இதை ஒருமுறை வாசித்தல் நன்று.

பசுமைக் கட்டடம் என்றதும் பச்சை வர்ணம் பூசிய கட்டடம் என்று நமது பொருளாளர் முதலில் எண்ணிவிட்டார். அப்படியன்று. ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது, எவ்வளவு தண்ணீரைச் செலவழிக்கிறது, எந்தப் பொருளால் ஆக்கப்பட்டது, கழிவை என்ன செய்கிறது, அதற்குள் இருப்போருக்கு நல்ல காற்றும் வெளிச்சமும் கிடைக்கின்றனவா என்றெல்லாம் தலைப்பு வாரியாகப் புள்ளியிட்டு, தேறினால் சான்றிதழ் வழங்குகின்றனர். அமெரிக்காவில் தோன்றிய லீட் என்னும் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்றிதழ், 50 எடுத்தால் வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்கு மேல் பிளாற்றினம். இந்தியாவில் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் இதைச் செய்கின்றது. அவர்களிடம் வழிபாட்டிடங்களுக்கென்றே தனியாக ஓர் அளவுகோல் உண்டு என அறிந்தபோது ஆச்சரியப்பட்டேன். நமது நாட்டிலும் இலங்கைப் பசுமைக் கட்டட மன்றம் இருக்கின்றது. அதன் அளவுகோலுக்குக் கிறீன்எஸ்எல் என்று பெயர். புதிய கட்டடத்துக்கு ஒன்று, ஏற்கெனவே உள்ள கட்டடத்துக்கு ஒன்று என இரண்டு வகை. அதிலே முகாமைத்துவம், நிலம், நீர், சக்தி, பொருள்கள் என்று வரும் தலைப்புகளோடு சமூக, கலாசார விழிப்புணர்வு என்றும் ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள். நமது நாட்டுக்கு ஏற்ற சேர்க்கை அது.

இதெல்லாம் புதிதாகக் கட்டும் கண்ணாடி மாடிகளுக்குத்தானே, சுண்ணாம்புச் சுவருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். இலங்கையில் இவ்விடயத்தில் முதலில் பெயர் பெற்ற கட்டடங்களில் ஒன்று ஜெப்ரி பாவா வரைந்து 1994 இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டல். அது பழைய கட்டடம் அல்ல. ஆனால் பழைய கட்டடங்களும் தேறியிருக்கின்றன. மும்பாயில் உள்ள சத்ரபதி சிவாஜி தொடருந்து நிலையத்தை நமது ஊரிலிருந்து காசி யாத்திரை போனவர்கள் பார்த்திருப்பீர்கள். விக்ரோறியா மகாராணி பெயரில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கற்கட்டடம். 2004 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்நிலையம் 2021 இல், தொடருந்து நிலையங்களுக்கென வகுத்த அளவுகோலின்படி, இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் தங்கத் தரத்தைப் பெற்றது. கோபுரத்தையோ வளைவுகளையோ யாரும் மாற்றவில்லை. மின்குமிழ்களை எல்.ஈ.டி. ஆக்கினார்கள், மின்சாரம் குறைவாகக் குடிக்கும் விசிறிகளைப் பூட்டினார்கள், சூரியமின் தகடு வைத்தார்கள், மரம் செடிகளைப் பேணினார்கள்.

நியூயோர்க்கில் உள்ள எம்பயர் ஸ்ரேற் கட்டடம் 1931 இல் கட்டி முடிக்கப்பட்டது. 2011 இல் லீட் தங்கம் பெற்றது. அங்கே ஏறக்குறைய 6,500 யன்னல்கள். பழைய கண்ணாடிகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதுதான் சுலபமான வழி. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு வேலைத்தலம் அமைத்து, கழற்றிய கண்ணாடிகளைத் துப்புரவு செய்து, இடையே ஒரு படலம் வைத்து, மறுபடி அதே இடத்தில் பூட்டினார்கள். ஏனைய திருத்தங்களும் சேர்ந்து சக்திச் செலவை 38 சதவீதத்தால் குறைப்பது அவர்கள் திட்டம். இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் 1453 இல் எழுந்த கா பொஸ்காரி மாளிகை ஒரு பல்கலைக்கழகமாக இயங்குகின்றது. அதுவும் 2013 இல் லீட் சான்றிதழ் வாங்கிவிட்டது. நமது கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடிப்பதற்கு 169 வருடம் முந்திய கட்டடம் அது.

இந்த உதாரணங்களில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர் குளிரை வெளியே நிறுத்தச் சுவரையும் யன்னலையும் அடைக்கப் பாடுபடுகின்றனர். நமக்கோ வெக்கையை வெளியே விடுவதே பாடு. ஆகவே அவர்கள் செய்ததை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்த முடியாது. ஆனால் இடிக்காமல் திருத்துவதற்கு ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்ற காரணம் எல்லா நாட்டுக்கும் ஒன்றே. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சீமெந்து எப்படி ஆகின்றது? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு கிளிங்கர் என்னும் உருண்டைகளாக்கி, பின் அரைத்துத் தூளாக்குகின்றனர். நமது சீனன்குடாவில் உள்ள சீமெந்து ஆலை 1980களில் இருந்து இயங்குகின்றது. அங்கே நடப்பது அரைக்கும் வேலை, கிளிங்கர் கப்பலில் துறைமுகத்துக்கு வந்து இறங்குகின்றது. ஆக, நமது ஊர் மேசன் கரண்டியில் அள்ளும் சீமெந்து முதலில் வேறொரு தேசத்துச் சூளையில் எரிந்து, கடல் தாண்டி வந்தது. கல்லைச் சுடும்போது எரிபொருளின் புகை ஒருபுறம், கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் காபனீரொட்சைட்டு மறுபுறம். உலகில் மனிதரால் வெளிவிடப்படும் காபனீரொட்சைட்டில் 100க்கு 7 அல்லது 8 பங்கு சீமெந்தினால் ஆனது என்கின்றனர். அதோடு கம்பி, மாபிள், இடித்த கல்லை ஏற்றும் லொறி.

பழைய கட்டடமோ இந்தச் செலவையெல்லாம் நமது பாட்டன்மார் காலத்திலேயே தீர்த்துவிட்டு நிற்கின்றது. அதை இடித்தால் அந்தச் செலவும் வீண், புதுச்செலவும் கூடும். அமெரிக்காவில் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு நிதியத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வுப் பிரிவு 2011 இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் புதுக்கட்டடமே ஆயினும், அதைக் கட்டியதால் உண்டான கேட்டைத் தன் சிக்கனத்தால் ஈடுசெய்ய, கட்டடத்தின் வகையைப் பொறுத்து 10 தொடக்கம் 80 வருடம் பிடிக்கும் என்பது அதன் முடிவு. எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாம் கட்டப்போகும் மண்டபத்தின் கடனை என் பேரப்பிள்ளைகளும் தீர்க்க முடியாது போலும்.

இனி நமது மண்டபத்துக்கு வருவோம்.

பங்குனி உத்தரத்தன்று நண்பகலில் நடந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். அன்னதான மண்டபத்தில் எட்டு விசிறிகளையும் சுழலவிட்டுக் கதிரை போட்டு வைத்திருந்தோம். வயதான தாய்மார் ஒருவரும் அங்கே போகவில்லை. எல்லோரும் வசந்த மண்டபத்துத் தரையில் சேலைத் தலைப்பை விரித்துச் சாய்ந்துவிட்டனர். "அங்க மேல இருந்து நெருப்புக் கொட்டுது தம்பி" என்றார் ஒரு ஆச்சி. அன்னதான மண்டபம் நாமே கட்டிய கொங்கிறீற் கூரைக் கட்டடம். பகல் முழுவதும் வெய்யிலைக் குடித்து வைத்துக்கொண்டு, சாயரட்சைப் பூசை நேரத்தில் அந்த வெக்கையைக் கீழே இறக்குகின்றது. வசந்த மண்டபத்தின் கூரை உயரமானது, சரிவானது, ஓட்டினால் வேய்ந்தது. சூடான காற்று மேலே எழும்பி ஓட்டு இடுக்குகளால் வெளியேறுகின்றது. தாழ்வாரம் நீண்டிருப்பதால் சுவரில் நேர் வெய்யில் படுவதில்லை. சுவர் ஒன்றரை முழத் தடிப்பு. வெக்கை உள்ளே வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். கிழக்கும் மேற்கும் திறந்திருப்பதால் பகலிலே குடாக்கடலின் காற்று நுழைந்து போகின்றது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும் நாளில் மேற்கு வாசலுக்குத் தட்டி கட்டி, அதிலே தண்ணீர் தெளிப்பது நமது முன்னோர் வழக்கம். தட்டிக்குப் பதிலாக நாம் இப்போது விளம்பரப் பனர் கட்டுகின்றோம்.

1964 டிசம்பர் சூறாவளியில் இம்மண்டபத்தின் ஓடுகள் பறந்தன, சுவர் நின்றது என்று என் தகப்பனார் சொல்வார். 1990 இடப்பெயர்வின் பின் நாங்கள் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. உள்ளே எருக்கலை முளைத்திருந்தது. அப்போதும் சுவர் நின்றது. அந்தச் சுவருக்குக் கேடு வந்தது அதன் பிறகு, திருப்பணி என்ற பெயரில். அதற்குக் காரணமானவர்களில் நான் முதல்வன்.

கடந்த கும்பாபிஷேகத்துக்கு முன் நடந்த வேலையில் நான் செயலாளர். சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. "சுரண்டிப்போட்டுச் சீமெந்தால பூசினா நூறு வருசம் நிக்கும்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். நான் கையொப்பம் வைத்தேன். அதன்மேல் பளபளவென்று எனாமல் வர்ணமும் அடித்தோம். மூன்று மாரி கழியுமுன் சுவர் பொம்மிக்கொண்டு வந்தது. தட்டினால் வெறும் பானை போல் ஓசை. சுரண்டிப் பூசினோம், மறுபடியும் பொம்மியது. இரண்டு முறை பூசிய செலவு கணக்குப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கின்றது.

காரணத்தை மருமகப்பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். இந்தச் சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நிலத்து ஈரம் அடியிலிருந்து ஏறும். கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்து சேரும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் கொண்டது. ஏறிய ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதனால்தான் வருடந்தோறும் வெள்ளையடித்தார்கள். உதிர்வது அந்தப் பூச்சாக இருக்கும், கல்லாக இராது. சீமெந்தும் எனாமலும் அந்த வழியை அடைத்துவிட்டன. ஈரம் உள்ளேயே தங்க, உப்புப் பளிங்காகி விரிந்து பூச்சைத் தள்ளுகின்றது. பின் கல்லையே தின்னத் தொடங்குகின்றது. பழைய சுவர் பலவீனமாகிவிட்டது, இடிக்கத்தான் வேண்டும் என்று கூட்டத்தில் நாம் சொன்ன காரணம், நாமே உண்டாக்கிய நோய்.

சுண்ணாம்பைப் பற்றி இன்னொன்று. அதையும் சுட்டுத்தான் எடுக்கவேண்டும். ஆனால் சுமார் 900 பாகை போதும். சுடும்போது இழந்த காபனீரொட்சைட்டின் பெரும்பகுதியை, பூசிய பிறகு காற்றிலிருந்து மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டே சுண்ணாம்பு இறுகுகின்றது. கடுக்காயும் பனங்கட்டியும் ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்ப்பது நமது பெரியோரின் கைமுறை. முன்பெல்லாம் கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சுட்டே இங்கே சுண்ணாம்பு ஆக்கினர். அந்த வழி இனி இல்லை. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் செய்த திருத்தத்தின்படி கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது தடை. அத்தடை நியாயமானதே, முருகைக்கல் போனால் கரையும் போகும். மாத்தளைப் பக்கத்து டொலமைற் கல்லில் சுடும் சுண்ணாம்பு கடையில் கிடைக்கின்றது. அதை வாங்கிக் குழியில் நீற்றி, நாட்கணக்கில் அல்ல மாதக்கணக்கில் ஊறவிட வேண்டும். பொறுமையில்லாதவன் கையில் சுண்ணாம்பு நிற்காது.

பழைய பொருளை மறுபடி பயன்படுத்தினால் பசுமைச் சான்றிதழில் புள்ளி உண்டு. திருகோணமலையில் பிறந்தவன் இதை வாசித்தால் மனம் வேறெங்கோ போகும். 1622 இல் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கற்களைக் கொண்டுதான் கோட்டை கட்டினர். கோட்டை வாசலில் பதித்த தமிழ்க் கல்வெட்டையும் இரட்டைக் கயலையும் இன்றும் காணலாம். ஒரு கல்லை எடுத்து இன்னொரு சுவரில் வைத்தால் கல் வீணாகவில்லை என்று கணக்குப் புத்தகம் சொல்லும். இருந்த கட்டடத்தை இருந்த தொழிலுக்கே இருக்கவிடுவதுதான் நான் இங்கு பேசும் பாதுகாப்பு. 1963 இல் சுவாமிமலையில் மறுபடி குடமுழுக்கு நடக்கும்வரை நமது மூதாதையர் ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு பாறைக்கும் கடலுக்கும் பூசை செய்தனர் என்பதை மறந்துவிட்டு, நிற்கும் மண்டபத்தை நாமே இடிப்பதா என்று ஒரு நாள் இரவு நித்திரை வரவில்லை.

பழைய கட்டடங்களுக்கு இன்னொரு காவலும் உண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாயின், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு ஆணியும் அறையக்கூடாது. நமது மண்டபம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அதைக் காப்பதும் கெடுப்பதும் நமது சபையின் கையில்.

சரி, மார்க் போட்டுப் பார்த்த கதைக்கு வருகின்றேன். கிறீன்எஸ்எல் தலைப்புகளை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நமது ஆலயத்தின் நிலையை நேர்மையாக எழுதினேன். பொருள்கள் என்ற தலைப்பிலும் காற்று, வெளிச்சம் என்ற தலைப்பிலும் வசந்த மண்டபம் ஒன்றும் செய்யாமலே நன்றாக நிற்கின்றது. கலாசாரம் சொல்லத் தேவையில்லை. நாம் வழுக்கி விழும் இடங்கள் வேறு.

தண்ணீரைப் பாருங்கள். திருகோணமலையில் சராசரியாக வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்க்கின்றது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஆக 100 சதுர மீற்றர் கூரையில் வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் லீற்றர். பீலி கட்டித் தொட்டியில் விட்டால் அதில் ஒரு பங்காவது நந்தவனத்துக்கும் கால் கழுவவும் ஆகும். நாம் அதை வீதியில் ஓடவிட்டு, சித்திரையில் பவுசருக்குக் காசு கொடுக்கின்றோம். அபிஷேகத் தீர்த்தம் கோமுகியால் இறங்கிக் கானில் கலக்கின்றது. பத்தடி வாய்க்கால் வெட்டினால் வாழைக்குப் போகும். முன்பு அப்படித்தான் போனது. அந்த வாய்க்காலின்மேல் ரைல்ஸ் பதித்தவர்களும் நாங்கள்தான்.

கழிவு என்ற தலைப்பில் பூச்சியமே எழுதினேன். லஞ்ச் சீற்றுக்கும், விழாக்களில் பொலித்தீன் தோரணத்துக்கும் 2017 செப்டெம்பர் முதல் நாட்டில் தடை. நமது கடந்த திருவிழாவின் பத்தாம் நாள் காலை வெளிவீதி கிடந்த கோலத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. கூட்டிய பிள்ளைகளைக் கேளுங்கள்.

மின்சாரத்தில் 2022 ஆம் வருடம் எல்லோருக்கும் பாடம் படிப்பித்துவிட்டது. பல மணிநேர மின்வெட்டு ஒருபுறம். அவ்வருடம் ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது வழிபாட்டிடங்களின் பட்டியலைப் பார்த்துப் பொருளாளர் தலையில் கைவைத்தது மறுபுறம். சூரியமின் தகடு பற்றிப் பலர் கேட்கின்றனர். 2025 ஏப்ரில் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டிடங்களுக்குக் கூரைச் சூரியமின் தொகுதி வழங்கும் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டதும், நமது சம்பூரில் 120 மெகாவாற் சூரியமின் நிலையத்துக்கு அடிக்கல் வைக்கப்பட்டதும் பத்திரிகையில் வந்தவை. அனல்மின் நிலையம் வரும் என்று வருடக்கணக்கில் பேசப்பட்டு 2016 இல் கைவிடப்பட்ட அதே சம்பூர்! நாமும் தகடு வைக்கலாம். ஆனால் எங்கே என்பதில் கவனம் வேண்டும். விமானத்தின் பார்வையில் படும் இடத்திலோ, வசந்த மண்டபத்து ஓட்டின்மேலோ வைப்பது புள்ளிக்கு ஆசைப்பட்டுத் தோற்றத்தைக் கெடுப்பதாகும். அன்னதான மண்டபத்தின் கொங்கிறீற் கூரைதான் அதற்குத் தக்க இடம். தகட்டின் நிழல் விழுந்தால் கீழே வெக்கையும் குறையும். தகடு வருமுன்னர் செய்யக்கூடியது, கூரைக்கு வெள்ளையடிப்பது.

இவ்விடத்தில் ஒரு நகைச்சுவை. சபைக் கூட்டத்தில் நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஓர் உறுப்பினர் எழும்பி, "அப்ப அந்தக் கொங்கிறீற் மண்டபத்தை இடிச்சுப்போட்டு ஓட்டு மண்டபமாக் கட்டுவமா ஐயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தனர். அவர் பகிடியாகக் கேட்டாரோ என்னவோ, கேள்வி சரியான கேள்வி. விடை, கூடாது என்பதே. அதற்கும் கல்லும் கம்பியும் செலவாகிவிட்டன. அதையும் இருக்கவிட்டே திருத்த வேண்டும். பழையதுக்கு ஒரு நியாயம் புதியதுக்கு ஒரு நியாயம் இல்லை.

சைவாகம வழியிலும் இதற்கு இடமுண்டு. கும்பாபிஷேகத்தை ஆவர்த்தனம், அனாவர்த்தனம், புனராவர்த்தனம், அந்தரிதம் என நான்காக வகுப்பர். புதிதாக அமைத்த ஆலயத்துக்குச் செய்வது ஆவர்த்தனம். வெள்ளம் முதலியவற்றால் அழிந்துபோனதை மீள அமைத்துச் செய்வது அனாவர்த்தனம். பழுதுபட்டவற்றைப் புதுக்கி, பாலஸ்தாபனமும் அஷ்டபந்தனமும் செய்து நடத்துவது புனராவர்த்தனம். களவு முதலிய குற்றம் நேர்ந்தபோது பரிகாரமாகச் செய்வது அந்தரிதம். பன்னிரு வருடத்துக்கொருமுறை நாம் செய்துவருவது புனராவர்த்தனம். பழுதைப் பார், பழுதை மாற்று, நல்லதை விடு என்பதே அதன் முறை. நமது குருக்கள் ஐயாவிடம் கேட்டேன். "ஜீர்ணமானதைத்தான் உத்தாரணம் செய்யிறது, ஜீர்ணமாகாததை ஏன் தொடுறீங்கள்?" என்றார்.

அப்படியானால் நமது ஆலயம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா? என் எண்ணம், இப்போதைக்கு வேண்டாம். பதிவுக் கட்டணம், மதிப்பிடுவோர் செலவு, ஆலோசகர் செலவு எல்லாம் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு சுவரைத் திருத்தலாம். மேலும் ஏற்கெனவே உள்ள கட்டடம் என்றால், அது நடந்துகொள்ளும் விதத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். லீட் முறையில் 12 மாத மின்சார, நீர்க் கணக்குக் கேட்பார்கள். 1,000 சதுர அடிக்குக் குறைந்த கட்டடத்தை ஏற்பதில்லை. சுவரில்லாமல் இருபுறமும் திறந்த மண்டபத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது? நமது ஆலயத்துக்கு ஒரே மின்மானி. ஒலிபெருக்கியும் விசிறியும் மடைப்பள்ளி மோட்டாரும் ஒரே பட்டியலில் வருகின்றன. இவற்றை ஒழுங்குபடுத்தாமல் விண்ணப்பிப்பது படிக்காமல் சோதனைக்குப் போவதற்குச் சமம். ஆனால் வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதை யாரும் தடுக்கவில்லை. அதனால் இந்தத் தை மாதத்திலிருந்து மின்பட்டியல், பவுசர்ச் செலவு, திருவிழாக் குப்பை லோட் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தனிப் பதிவேட்டில் எழுதி வருகின்றேன். அலுவலகத்தில் இருக்கின்றது; எவரும் பார்க்கலாம்.

கனடா அன்பரோடு தொலைபேசியில் கதைத்தேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "ஐயா, இடிக்காட்டி அப்பா அம்மாவின்ர பேரை எங்க போடுறது?" என்று கேட்டார். அதில் பிழையில்லை. நமது ஆலயத்தில் மணிக்கூண்டிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை பெயர் எழுதப் பழக்கியவர்கள் நாம்தான். பழைய சுவரைக் காப்பாற்றியவரின் பெயரைப் பொறிக்க நமக்கு ஒரு வழக்கம் இல்லை. அவருடைய பெற்றோர் இருவரும் கூரை இல்லாத காலத்தில் இந்த மண்டபத்தில் ஓலை கட்டிப் பூசை நடத்திய குடும்பத்தவர் என்பதை நினைவூட்டினேன். யோசித்துச் சொல்வதாகக் கூறினார். இன்னும் பதில் வரவில்லை. பணம் வராமலும் போகலாம். அதையும் அடியார்கள் அறிந்தே வாக்களிக்க வேண்டும். வராவிடின் திருப்பணி ஒரு சுவர் ஒரு சுவராக, மெதுவாகத்தான் நடக்கும்.

இதற்கிடையில் சபையின் அனுமதியுடன் வடக்குச் சுவரில் மாத்திரம் ஒரு பரீட்சை செய்கின்றோம். கச்சான் காலத்தில் சீமெந்துப் பூச்சை உளியால் மெல்லக் கழற்றிச் சுவரைக் காயவிட்டாயிற்று. சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு, வாடை தொடங்குமுன் புரட்டாதியில் சுண்ணாம்பு பூசப்படும். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன் ஒருவர் மூதூர்ப் பக்கத்திலிருந்து வருகின்றார். கூட நின்று பழக இளம் பிள்ளைகள் இருவர் தேவை, கூலி உண்டு. பழைய நாட்டோடு வீட்டில் வைத்திருப்போர் அலுவலகத்தில் அறியத்தரவும், உடைந்தவற்றுக்கு மாற்ற உதவும். 1990க்கு முற்பட்ட மண்டபத்தின் புகைப்படம் எவரிடமாவது இருந்தால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். கிழக்குத் தாழ்வாரத்தின் பழைய மரவேலை எப்படி இருந்தது என்பதில் பெரியோரிடையே இரண்டு அபிப்பிராயம் இருக்கின்றது.

சுண்ணாம்பு நீற்றும் குழி மடைப்பள்ளிக்குப் பின்னால், வேம்பின் அடியில் வெட்டப்பட்டுள்ளது. மேலே தகரம் போட்டு மூடியிருக்கின்றது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போகும். திருவிழா நாட்களில் சிறுபிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.